உப்புப் பூத்த பச்சை

தண்டையார்பேட்டையில் சிமெண்டுத் தரைக்கல் பட்டறை ஒன்றில் கோதண்டம் பதினெட்டு வருடம் கல் அழுத்தினார். அத்தனை வருடமும் சிவப்புக் கல்தான். மனதில் கிடந்ததோ வேறு மூன்று நிறங்கள்: இலைப் பச்சை, வெள்ளை, சந்தனம். வெயில் கொளுத்தும் ஊரில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தன் கையால் ஒரே ஒரு தரை போட்டுவிட வேண்டும். அதற்காகப் பித்தளைத் தகட்டை வளைத்துத் தானே அச்சு செய்து வைத்திருந்தார். நடுவில் சந்தன வட்டம், சுற்றி எட்டுப் பச்சை இலை, மிச்சமெல்லாம் வெள்ளை.

1953இல் ஆள் கிடைத்தார். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை கட்டிக்கொண்டிருந்த ஞானதுரை. மாதிரிக் கல்லின் மேல் கோதண்டம் ஒரு கை தண்ணீர் தெளித்துக் காட்டினார். கல் விற்கிற எல்லோரும் செய்வதுதான். ஈரத்தில் நிறம் எழுந்து நிற்கும்.

"வாழத்தோப்புக்குள்ள நிக்க மாதிரி இருக்குவே," என்றார் ஞானதுரை. "இதையே போடும்."

அழுத்திய கல்லைத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். பட்டறைக் கிணறு உப்பு. மாதிரிக் கல்லைக் கோதண்டம் வீட்டுக் குடிதண்ணீரில் ஊறவைத்திருந்தார். கடைக்கான அறுநூறு கல்லுக்கும் குழாய்த் தண்ணீர் கேட்டார்.

முதலாளி பக்தவச்சலம் சிரித்தார். "மன்சனுக்கே குடிக்க தண்ணி இல்ல. கல்லு இன்னா கைக்கொயந்தையா, நல்ல தண்ணி ஊட்டறதுக்கு?"

"செவப்புன்னா எண்ணெ தேச்சி உப்ப மூடிடலாம் மொதலாளி. வெள்ளைல எண்ணெ பட்டா கறை ஆயிடும்."

"போய் வேலயப் பாரு நைனா."

கிணற்றுத் தண்ணீரில் ஊறிய கல்லே கடைக்குப் போனது. தரை போட்ட இருபதாம் நாள் பச்சையின் மேல் வெள்ளை உப்புப் படலம் ஏறியது. சந்தனம் எது, வெள்ளை எது என்றே தெரியவில்லை.

"என்னவே இது!" ஞானதுரை குதித்தார். "நான் வச்சிருக்கது ஜவுளிக்கடையா, கருவாட்டுக் கடையா?"

கோதண்டம் மண்டியிட்டு ஈரத்துணியால் துடைத்தார். மூன்று நிறமும் வந்தன. மின்விசிறிக் காற்றில் காய்ந்து உடனே வெளுத்தன.

"நாள் பூரா தண்ணி தெளிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பீரா? பேத்துட்டுச் செவப்பு போடும்."

"மூணு மாசம் பொறுங்க அண்ணாச்சி. நல்ல தண்ணில தொடைக்கத் தொடைக்க உப்பு போயிடும்."

"தீவாளிக்கு ஏழு வாரந்தான் இருக்கு."

பத்தே நாளில் பெயர்த்தார்கள். அந்த இடத்துக்குச் சிவப்புக் கல் அழுத்தியதும் கோதண்டம்தான். உடையாமல் வந்த பச்சைக் கல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி வரலட்சுமி அதைக் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்டார். பானை கசிந்துகொண்டே இருந்தது.

சித்திரையில் பானை விரிசல் விட்டது. கல்லை எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தார் வரலட்சுமி. சாயங்காலத்துக்குள் நன்றாகக் காய்ந்தது. ஆனால் வெளுக்கவில்லை. கசிந்த நல்ல தண்ணீர் உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருந்தது.

கோதண்டம் சட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு கத்தினார். "நல்ல தண்ணி! அவ்ளோதான கேட்டேன்! வேற இன்னா கேட்டேன்?"

"யார்கிட்டய்யா கத்துற? பக்கத்து வூட்ல பாக்கறாங்கோ."

மறுநாள் பட்டறையில் பக்தவச்சலம் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சோக்கா கீது. தொட்டில செவப்பு எரநூறு கெடக்குது. போய் எண்ணெ தேய்."

1958இல் இறக்கும்வரை கோதண்டம் சிவப்புக்கு எண்ணெய் தேய்த்தார். பித்தளை அச்சில் அதன்பின் சிமெண்டு படவில்லை. கல் வீட்டில் இருக்கிறது. எட்டு அங்குலத்துக்கு எட்டு, கனம் முக்கால். காய்ந்துதான் இருக்கிறது. பச்சை பச்சையாகவே.