மச்சான் காருக்கு நான் நிரப்பிய நைட்ரஜன்

நைட்ரஜன் நிரப்பிய டயர் என்பதற்கு அடையாளமாக வால்வின் மேல் பச்சை மூடி போடுவோம். மச்சானின் காருக்கு அந்த நான்கு மூடிகளையும் திருகியது என் கைதான். அக்காவின் கணவர் அவர். பல வருடம் ஷார்ஜாவில் வண்டி ஓட்டிவிட்டு லால்பேட்டைக்குத் திரும்பியவர், பழைய கார் ஒன்றை வாங்கி, மறுநாளே சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் டயர் கடைக்கு ஓட்டிவந்தார். "அங்கெல்லாம் நைட்ரஜன்தான்டா. எந்த வெயில்லயும் வெடிக்காது" என்றார்.

குனிந்து பார்த்தேன். டயரில் தரையைப் பிடிக்கும் பட்டன் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு எண்களைப் படித்தேன். ஏழு வருடம் தாண்டியிருந்தது. "டயர மாத்திடுங்க மச்சான்" என்றேன். "பட்டன் இருக்குல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது தானாக வாயில் வந்துவிட்டது: "இனிமே காத்து எறங்காது மச்சான், அடிக்கடி செக் பண்ண வேணாம்."

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதைத் தனியாக நிரப்பினால் சற்று மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். காற்று குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறி வெடித்துவிடும். இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். அன்றும் எனக்கு இது தெரியும்.

ஏழெட்டு மாதம் கழித்து, கத்திரி வெயிலில், மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அக்காவும் மச்சானும் கடலூருக்குக் கிளம்பினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் பின்பக்க டயர் வெடித்துக் கார் புளியமரத்தில் மோதியது. மச்சான் அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார். அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

காவல் நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த காரைப் பார்க்கப் போனேன். சேதமில்லாமல் இருந்த மற்ற மூன்று டயர்களிலும் கேஜை வைத்து அளந்தேன். முப்பத்திரண்டு இருக்க வேண்டிய காற்றழுத்தம், எதிலும் இருபதைத் தாண்டவில்லை. மனிதர் ஒருமுறைகூடச் செக் பண்ணவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அக்கா கேட்டாள்: "நீதானடா நைட்ரஜன் போட்ட? அப்பறம் எப்படி வெடிச்சுது?"

"டயரு பழசுக்கா" என்றேன். அது பாதி உண்மை.

மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கணவரை இழந்து அவள் இத்தாவில் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் தினமும் போய் எதிரில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இத்தா முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா அழவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வண்டி விஷயத்துல அவுரு உன் பேச்ச மட்டுந்தான் கேப்பாரு" என்றாள். பிறகு, "பாப்பாவோட ஸ்கூல் வேன் எட்டு மணிக்கு வரும். அந்த டயரப் போய்ப் பாரு. வாயால சொல்லாத, அளந்து பாரு" என்றாள்.

திங்கட்கிழமைதோறும் போய் அளக்கிறேன். அக்கா வாசலில் வந்து நிற்பாள். நான்கு டயரிலும் கேஜ் காட்டும் எண்ணை அவளுக்குக் கேட்கும்படி சொல்வேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். எங்களுக்குள் இப்போது வேறு பேச்சு இல்லை.