வெள்ளக்காரி

முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். நாஞ்சில்நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தோடு இருந்த காலம். பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய அணைக்கு என்னை சப்-ஓவர்சியராகப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அணைக்குக் கீழே இருந்த தெருவில் ஒரு வீடு பிடித்துக் குடித்தனம் வைத்தோம்.

அணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே செம்மண், வெளியே கருங்கல், அவ்வளவுதான். எந்த ராஜா கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். கல்லிடுக்குகளில் ஆலங்கன்றுகள் சௌக்கியமாக வளர்ந்திருந்தன. வருஷந்தோறும் மழைக்கு முன்னால் மேலதிகாரி ஒருவர் வருவார். குடை பிடித்துக்கொண்டு அணையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். இளநீர் குடிப்பார். 'நிலைமை திருப்தி' என்று எழுதிவிட்டுப் போவார். அணைக்கு நோய் வந்தால் காலில்தான் வரும். நாங்கள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்போம். நடைமுறை அப்படி.

என் மனைவி குழித்துறைக்கு மேற்கே பிறந்தவள். அந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள், கொஞ்சம் என்பதை இத்திரி என்பார்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. வந்த முதல் நாளே அவள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "இத்திரி வெள்ளம் தருவியளா?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி நிறைசூலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

"வெள்ளத்துல ஏதுட்டி இத்திரி? வந்தா ஊரோட கொண்டு போகும்லா!"

அன்று முதல் என் மனைவிக்குத் தெருவில் 'வெள்ளக்காரி' என்று பெயர். அவள் நல்ல கறுப்பு. அதனால் அந்தப் பெயர் தெருவுக்கு இன்னும் ருசித்தது. தண்ணி என்றுதான் சொல்லிவிட்டுப் போயேன் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். "எனக்க அம்ம வெள்ளம் தந்துதான் வளத்தா. நான் எதுக்கு மாத்தணும்?" என்றாள். கேலிக்கு அவளும் சேர்ந்து சிரிப்பாள். சொல்லை மட்டும் விடமாட்டாள்.

அந்த ஐப்பசியில் வாய்க்காலைப் பழுது பார்ப்பதற்காக மதகை அடைத்துப் பூட்டியிருந்தோம். மழைக்காலத்திலா பழுது பார்ப்பார்கள் என்று கேட்கக்கூடாது. கோடையில் கேட்ட அனுமதி மழையில்தான் வந்து சேரும். குடிக்கக் கிணறு இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் தெரு வாய்க்காலைத்தான் நம்பியிருந்தது. எப்போது தண்ணீர் விடுவீர்கள் என்று என்னைப் பார்க்கிற பெண்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் மலையில் நல்ல மழை. தெருவில் வெயில் அடித்தது. அணையில் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

அணையின் அடியில் ஓரிடத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். கண்ணாடி போல இருக்கும். என் வெள்ளை வேட்டிகளை அவள் அங்கேதான் துவைப்பாள். அன்று காலை நான் மதகின் மேல் நின்றிருந்தபோது, ஈர வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள். வேட்டி செம்மண் நிறத்தில் இருந்தது.

"இஞ்ச பாருங்க. அலசினா அழுக்கு போகணும். இது அலச அலச செவக்குது. வெள்ளம் கலங்கி வருது."

கசிவு தெளிந்திருக்கும்வரை பயமில்லை, கலங்கினால் அணை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று பொருள். பரீட்சைக்காகப் படித்த பாடம் எனக்கு முதல்முறையாகப் பயன்பட்டது. "தெருவுக்கு ஓடு. எல்லாரையும் மேட்டுக் கோயிலுக்குப் போகச் சொல்லு" என்றேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி நினைவுக்கு வந்தாள். அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. அவள் வீடும் எங்கள் வீடும்தான் தெருவில் மிகத் தாழ்ந்தவை.

மதகைத் திறந்தால் அணையின் சுமை கொஞ்சமாவது குறையும். ஆனால் சாவி ஓவர்சியரிடம், ஓவர்சியர் நாகர்கோவிலில். கடப்பாரையை எடுத்தேன். அணைக் காவல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உத்தரவு இல்லாம பூட்டத் தொட்டா எனக்க சோலி போயிரும்."

"அணையே போனா நீரு எதுக்கு ஓய் காவல்?"

அவர் என் கையை விட்டுக் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகப் பூட்டை உடைத்து மதகுப் பலகையைத் தூக்கினோம். நீர் பாய்ந்தது. நிமிர்ந்து கீழே பார்த்தேன்.

தெருப் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலை நோக்கி, அதாவது அணையை நோக்கி, வந்துகொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி சிவந்த வேட்டியை வீசி வீசி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். நான் கத்தியது மதகின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

கீழே நடந்ததைப் பிறகு சொன்னார்கள். அவள், "வெள்ளம் வருது! ஓடுங்க!" என்று கத்தியிருக்கிறாள்.

"ஏட்டி, குடத்த எடுங்கட்டி! வெள்ளக்காரி வாய்க்கால்ல தண்ணி கண்டுட்டா!"

அவள் மறுபடி கத்தியிருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து, நான் திறந்துவிட்ட நீர் வாய்க்காலில் ஓடி வந்திருக்கிறது. அப்புறம் யார் நம்புவார்கள்? பாடப்படி எது சரியோ அதை நான் செய்தேன். அதுவே அவள் பேச்சைப் பொய்யாக்கிவிட்டது.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு குடம் கீழே விழுந்து உருண்டது. அடுத்து இன்னொன்று. பெண்கள் அப்படியே திரும்பி ஓடினார்கள்.

என் மனைவி அதுவரை சொல்லாத சொல்லைச் சொல்லிவிட்டிருந்தாள். "தண்ணி! ஐயோ, தண்ணி வருது, தண்ணி!"

"ஏட்டி, இவ தண்ணிங்காளே! என்னமோ ஆயிப்போச்சுட்டி!" என்று முன்னால் நின்றவள் குடத்தைப் போட்டிருக்கிறாள். வெள்ளம் என்று கேட்டுச் சிரித்த தெரு, தண்ணி என்று கேட்டு நடுங்கியது.

நாலு பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிலோடு தூக்கினார்கள். கடைசியாக என் மனைவி, அந்தச் சிவந்த வேட்டியில் பச்சைக் குழந்தையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். காலடியில் கல் அசைந்ததும் நானும் காவல்காரரும் கரைக்கு ஓடினோம். அணை பெரிய சத்தமெல்லாம் போடவில்லை. வயதானவர் களைத்து உட்காருவது போல நடுவில் உட்கார்ந்தது. பிறகுதான் நீர். எங்கள் வீட்டில் மிஞ்சியது வாசற்படி ஒன்றுதான். பக்கத்து வீட்டில் அதுவும் இல்லை. உயிர் ஒன்றும் போகவில்லை.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தபடி, தன் வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வறண்ட குரலில் என் மனைவியைக் கூப்பிட்டாள்.

"வெள்ளக்காரி... இத்திரி வெள்ளம் தாட்டி மக்கா."

அன்று காலை முதல் அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கோயில் கிணற்றில் வாளியை விட்டாள்.

யாருடைய உத்தரவின்பேரில் பூட்டை உடைத்தாய் என்று பின்னால் விசாரணை வந்தது. அணை ஏன் உடைந்தது என்பதற்கு இவ்வளவு விரிவான விசாரணை நடந்ததாக எனக்கு நினைவில்லை. விசாரித்தவர் திருவனந்தபுரத்துக்காரர். அணையில் வெள்ளம், அதனால் உடைத்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அணையில் வெள்ளமல்லாதெ பின்னே மோராணோ?" என்று கேட்டார். அவர் ஊரிலும் வெள்ளம் என்றால் தண்ணீர்தான்; அணையில் தண்ணீர் இல்லாமல் மோரா இருக்கும் என்கிறார். நான் சிரித்துவிட்டேன். அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

இப்போது நாங்கள் இருவருமே கிழடுகள். இத்தனை வருஷம் இங்கே இருந்து அவள் தண்ணி என்கிறாள், நான்தான் தாகமெடுத்தால் வெள்ளம் கேட்கிறேன். ஒருவர் பேச்சு எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் சரி, குடிக்கச் சொல்கிறாரா, ஓடச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் இன்றைக்கும் சிரிக்கிறேன்.