விரிசலுக்கு நேர்கீழே ஒரு நாற்காலி

தொண்ணூற்றாறு ஐப்பசியில் செல்லாத்தாள் எங்கள் ஊராட்சித் தலைவரானபோது நான்தான் அங்கே கிளார்க். அன்னூருக்கு வடக்கே, மேட்டுக்காட்டு ஊர். அந்தமுறை இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் அவர் கணவர் ஈஸ்வரமூர்த்தி மனைவியை நிறுத்தினார். மனைவி பெயரில் தானே ஆண்டுகொள்ளலாம் என்ற நினைப்பு. முதல் கூட்டத்திலேயே அந்த அம்மா, "நீங்க தோட்டத்துக்குப் போயித் தண்ணி மாத்தி உடுங்க, இதை நான் பாத்துக்கறனுங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். அன்றே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் பின்னால் ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஊருக்குக் கிழக்கே கல் குவாரி. தினமும் பதினொன்றரைக்கு வெடி வைப்பார்கள். அதிர்ந்து அதிர்ந்து பால்வாடிச் சுவர் உச்சியிலிருந்து பாதிவரை பிளந்துகிடந்தது. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். குவாரியை நிறுத்துகிறேன் என்று தாய்மார்களிடம் சொல்லித்தான் அவர் ஓட்டு வாங்கியிருந்தார். ஊர்க்கூட்டத்தில் ஒன்றைப் பேசி முடித்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று பார்த்து வளர்ந்தவர். 'குவாரியை மூடத் தீர்மானிக்கப்பட்டது' என்று நான் எழுதி, உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டதும், குவாரியே மூடியாகிவிட்டது என்று நம்பினார்.

மறுநாள் பதினொன்றரைக்கு வழக்கம்போல வெடித்தது.

"ஏனுங்க திருமூர்த்தி, அவிங்களுக்கு இன்னும் தகவல் போகலீங்களா?" என்றார். நான் தலையைச் சொறிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து தபால் வந்தது. குவாரிக்கு அனுமதி தருவதும் நிறுத்துவதும் அரசாங்கம், ஊராட்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது, தீர்மானம் ரத்து.

குவாரியை அசைக்க முடியாது, பிள்ளைகளையாவது அசைப்போம் என்று தன் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்துப் பால்வாடியை அங்கே மாற்றினார். மூன்றாம் நாளே ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பால்வாடி வேறொரு துறையைச் சேர்ந்ததாம். தலைவர் இடம் மாற்ற முடியாதாம். பழைய கட்டடத்துக்குத் திரும்பாவிட்டால் அரிசி பருப்பு வராது. பாதிப் பிள்ளைகள் அந்த ஒருவேளைச் சோற்றுக்காகவே வந்தவர்கள்.

டெல்லியில் அரசியல் சட்டத்தையே திருத்தி, ஊராட்சிகளுக்கென்று இருபத்தொன்பது விஷயங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதை நான் படித்துக் காட்டியிருந்தேன். அந்தத் தாளைச் செல்லாத்தாள் எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"இருவத்தஞ்சாவது பாருங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க நலம்னு போட்டிருக்குதுங்க."

"பட்டியல்ல இருக்குதுங்கம்மா. உங்க கைக்கு வரோணும்னா ஸ்டேட்ல தனியா எழுதித் தரோணும். இன்னும் தரலீங்க."

"அப்பறம் என்னைய எதுக்குங்க உக்கார வெச்சீங்க?"

"தெருவெளக்கு, தண்ணி, சாக்கடை பாருங்க. மீறுனா பதவியே போயிருமுங்க."

எங்கள் பக்கம் கழுத்தை நெரிப்பவனும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்பான்.

அன்று சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து அழுதார். "ராஜினாமாப் பண்ணிப்போட்டு ஊட்டுல இருந்துக்கலாமுங்க. அந்தச் செவுத்தை அப்பறம் யாருங்க பாக்கறது?" எனக்குத் தாங்கவில்லை. தீர்மானம் எழுதும்போதே அது செல்லாது என்று தெரியும், நீங்கள் மனம் உடைந்துவிடுவீர்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டேன் என்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவரு எங்க உக்காந்து கையெழுத்துப் போடோணும்னு சட்டத்துல இருக்குதுங்களா?"

"நான் பாத்தவரைக்கும் இல்லீங்க."

மறுநாள் பிள்ளைகள் பழைய கட்டடத்துக்குத் திரும்பினார்கள். பின்னாலேயே தலைவரும் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, விரிசலுக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்தார். மினிட் புத்தகத்தை நான் கொண்டுபோனேன். தினமும் பதினொன்றேகாலுக்குப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவார். வெடி அடங்கியதும் முதலில் தான் உள்ளே போய், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர்களைக் கூப்பிடுவார். மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது. எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை.

போன மாதம் அதே அதிகாரி ஆய்வுக்கு வந்தார். செல்லாத்தாள் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார். அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், மேலே விரிசலைப் பார்த்தார்.

"இருக்கட்டுமுங்க" என்று வாசலிலேயே நின்று, 'கட்டடம் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.