அட்டை இருந்த வாரம்

தேசிய தடகளப் போட்டியைக் கோவையில் நடத்தலாமா என்று பார்க்க வடக்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எனக்கு இந்தி தெரியும் என்பதால் வரவேற்புக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். பீளமேட்டில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி மைதானங்களைக் காட்டினோம். விமான நிலையம் பக்கம், மேற்கே மலைக்காற்று, குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் என்று நான் அளந்துகொண்டே போனேன்.

ஒரு கல்லூரியில் சிவப்பு ஓடுதடத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தவர், "நீங்கள் காலையில் நடப்பது இங்கேதானா?" என்று கேட்டார்.

என் வீடு அந்தக் கல்லூரி மதிலுக்கு நேர் எதிரே. நான் நடப்பதோ மதிலுக்கு வெளியே, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி. சங்கடமான கேள்வி வந்தால் எங்கள் ஊரில் உடனே சாப்பிடக் கூப்பிட்டுவிடுவோம். நானும் கூப்பிட்டேன்.

போட்டி எங்களுக்கே கிடைத்தது. அது நடந்த வாரம் முழுக்கக் கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த எதிர்க் கல்லூரிக்குள் போனேன். காவலாளி எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டார். வீரர்கள் வருவதற்கு முன்பே தடத்தில் ஆசைதீர நடந்தேன்.

போட்டி முடிந்த மறுநாளும் கால் அங்கேதான் போனது. காவலாளி அன்றும் எழுந்து நின்றார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

"வெளியாளுகளை உட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க, எதிர் ஊட்டுக்காரன் நடந்தா தடம் தேஞ்சா போயிரும்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினார்.

"ஒரு வாய் டீ குடிங்க" என்றார்.