அம்மா வாயில் வராத பெயர்

நான் பிறந்தபோது என் பெயரைப் பற்றி எங்கள் தீவு ஊரான பாம்பூஃப்ளாட்டில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்ததாம். பக்கத்து வீட்டு வங்காளி மாசி, "காமாட்சியா? வாஹ், தேவி கா நாம்!" என்று கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டாளாம். அப்பாவோடு ஆபீசில் இருந்த மலையாளி குமாஸ்தாவோ, "இந்தக் காலத்துல இதொரு பேரா சாரே?" என்றாராம். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அது அவரைப் பெற்றவளின் பெயர். மூத்த பெண்ணுக்கு வேறு என்ன வைப்பதாம்! அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாமியார் பெயரை வாயால் சொன்னால் ஆகாது என்று வளர்ந்தவள் அம்மா. மாமியார் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருந்தாலும் பயம் பயம்தான். அப்பாவுக்கும் தாயார் பெயரைச் சொல்லி "வாடி, போடி" என்று அதட்ட நாக்கு எழவில்லை. அதனால் நான் பாப்பா. ஐந்து வயது ஆகும்வரை என் பெயரே அதுதான் என்று நம்பியிருந்தேன். காமாட்சி என்றால் ஊரில் இருக்கிற பாட்டி, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் இருக்கும் சாத்தம் போவதற்காகப் படகுத்துறை ஜெட்டியில் நின்றோம். அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். ஃபெர்ரி வந்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. அம்மாவின் பச்சைப் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால், ஐயோ, அது அம்மா இல்லை! கப்பலில் ஒரே மாதிரிப் புடவை மூட்டையாக வந்து இறங்கினால் பாதி ஊர் அதையே கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

சுற்றிலும் கால்கள், கூடைகள், கோழிகள். கரையிலிருந்து "பாப்பா! பாப்பா!" என்று ஒரு குரல் லேசாகக் கேட்டது. ஃபெர்ரியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் வீட்டில்தான் ஒரு பாப்பா இல்லை? சங்கு ஊதியது. கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"காமாட்சி! ஏ காமாட்சி! எங்கடி போய்த் தொலைஞ்சே!"

அம்மாவின் குரலேதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டி எப்போது கப்பலில் வந்தாள்? அவளையா அம்மா 'டி' போட்டுக் கூப்பிடுகிறாள்? அதைவிட, நான் தொலைந்து நிற்கும்போது பாட்டியை எதற்குத் தேடுகிறாள்?

"காமாட்சி கோன் ஹை?" என்று ஃபெர்ரி முழுக்க ஒரே விசாரிப்பு. பச்சைப் புடவைக்காரி குனிந்து என்னைப் பார்த்தாள்.

"தூ காமாட்சி ஹை க்யா, பேட்டி?"

"நஹி," என்றேன் அழுதுகொண்டே. "பாப்பா."

அவள் உச்சுக்கொட்டிவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மேலே போனதும் ஜெட்டி தெரிந்தது. தலை அவிழ்ந்து, கூடையை எங்கேயோ போட்டுவிட்டு, அம்மா ஓரத்துக்கே வந்துவிட்டாள். யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அம்மா! பாட்டி இங்க இல்லம்மா! நான்தான் இருக்கேன்!"

மறுபடி கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கைக்குக் கை மாறி நான் கரைக்கு வந்தேன். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். டிக்கெட்டோடு ஓடிவந்த அப்பா அம்மாவையே வெறித்துப் பார்த்தார். என்னைத் தேடாமல் பாட்டியைத் தேடினாளே, அந்தக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று விளக்கேற்றியதும் அம்மா சாமி முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கன்னம் சிவக்கிறவரை. "விடும்மா, எங்கம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா," என்றார் அப்பா. அம்மா நிறுத்தவில்லை.

எனக்குப் பொறாமை பொறுக்கவில்லை. எங்கேயோ இருக்கிற பாட்டிக்காகத் தலைவிரிகோலமாக ஓடினாளே, எனக்காக ஒரு நாளாவது அம்மா அப்படிக் கத்துவாளா? அதையே நினைத்து நினைத்து அழுது, அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.