சனிப் பிரதோஷத்துப் பால்

காய்ச்சிய பாலை நான் அதுவரை சிவலிங்கத்துக்கு ஊற்றியதில்லை. நெருப்புப் பட்ட பால் மனிதருக்கு, மடியிலிருந்து நேரே வந்த பால் சாமிக்கு என்பது என் தகப்பனார் வீட்டுப் பழக்கம். புனேக்கு வேலைக்கு வந்து, நிக்டியில் இரண்டு அறை வீட்டில் குடியேறிய பிறகும் அதை நான் விடவில்லை. நான் படித்தது பத்தாவது. அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலை கற்றேன். சாஸ்திரம் தெரிந்தவன் அல்ல. ஒரு சிறிய லிங்கமும், வாயில் வந்த நாலு பாட்டும், ஒரு விடாப்பிடியும்தான் என்னிடம் இருந்தன.

பிரதோஷத்தன்று எங்கள் காலனியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் கூடத்தில் கூடும். எல்லோரும் கம்பெனிக்காரர்கள். அபிஷேகம் முடிந்ததும், லிங்கத்தின் மேல் வழிந்த பாலைத் தட்டில் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் கலந்து, வில்வமும் பச்சைக் கற்பூரமும் போட்டு, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் மூன்று முறை தீர்த்தமாக விடுவேன். குழந்தைகள் நாலாவது முறையும் கை நீட்டும். நானும் கொடுப்பேன்.

பாலுக்கு நானே போவேன். காலனிக்கு வெளியே ஒரு மராட்டிக்காரர் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார். அவர் என்னை ‘அண்ணா’ என்பார், நான் அவரை மராட்டியில் அண்ணன் என்ற பொருளில் ‘பாவு’ என்பேன். சாயங்காலம் கறக்கும் நேரத்துக்குச் செம்போடு போய் நின்றால், கறுப்புப் பசு ஒன்றை எனக்கென்றே கறந்து தருவார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பசு அது. சாமிக்குப் போகிற பால் என்று அவருக்கும் அதில் ஒரு திருப்தி.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம், சனிக்கிழமையில் பிரதோஷம் வந்தது. சனிப் பிரதோஷம் விசேஷம் என்று வழக்கத்தைவிட அதிகம் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் ஷிப்டு முடிந்ததும் குளித்துவிட்டுச் செம்போடு போனேன்.

கொட்டகையில் பாவு பசுவின் முன்னால் குந்தியிருந்தார். பசு நின்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு போல் தரை வரைக்கும் தொங்கியது.

“கஷாத் காஹிதரி அட்கலய், அண்ணா,” என்றார். தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. காலையிலிருந்து தீனி எடுக்கவில்லையாம். பிளாஸ்டிக் பையோ, சோளத்தட்டையின் அடிக்கட்டையோ விழுங்கியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் வலது கையை முழங்கை வரைக்கும் வாய்க்குள் விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. கையை எடுத்தபோது புறங்கையில் பல் கீறிய கோடு சிவப்பாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். பசு என் பக்கம் திரும்பி, என் உள்ளங்கையை ஒருமுறை நக்கியது. அந்தக் கையில், முந்தாநாள் கடைசலில் இரும்புச் சுருள் கிழித்த காயம் இருந்தது.

பிறகு அது கத்தியது. மாடு கத்துவதை நான் பிறந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி நடுவில் உடைந்து, வெறும் காற்றாகப் போயிற்று. பானைக்குள் வாயை வைத்து ஒரு மனிதன் கூப்பிடுவது போல இருந்தது. காது இரண்டும் நிமிர்ந்திருந்தன. கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சனிப் பிரதோஷ வேளையில், நந்தியின் குலத்தில் பிறந்த ஒரு ஜீவன் என்னைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது என்றுதான் தோன்றியது. மடியில் திருநீறு வைத்திருந்தேன். எடுத்து அதன் சுட்டியில் பூசினேன். அன்று அது கொடுத்தது அரைச் செம்புதான். பாவு அவ்வளவையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அன்று மாலை அபிஷேகம் நன்றாக நடந்தது. முடிந்ததும், பசு என்னைப் பார்த்த பார்வையை எல்லோருக்கும் சொன்னேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காலையில்தான் முன்பல் விழுந்திருந்தது. ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டு நாலாவது முறையும் கை நீட்டினாள். ஊற்றினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, பாவுவின் தம்பி நிறுத்தத்தில் நின்றிருந்தான். பசு விழுந்துவிட்டது, அண்ணன் வரச் சொன்னார் என்றான். திருநீற்றுப் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

பின்னங்கால் இரண்டும் செத்துப்போய், முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது பசு. கத்த வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தெருநாய்கள் கொட்டகையைச் சுற்றிப் படுத்திருப்பது வழக்கம். அன்று ஒன்றுகூட இல்லை. கால்நடை டாக்டர் வாசற்படியிலேயே நின்றிருந்தார், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. நான் திருநீற்றோடு உள்ளே போகப் பார்த்தேன். என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

“பிசாள்லி ஆஹே,” என்றார். வெறி பிடித்துவிட்டது என்று.

நாய் எதுவும் கடித்ததா என்று கேட்டார். பாவு யோசித்தார். மழையின்போது ஒரு நாய் கொட்டகைக்குள் ஓடிவந்து, கண்டதையெல்லாம் கவ்விவிட்டு ஓடியதாம். இதன் காலில் சின்னக் கீறல். மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பினாராம். ஆறிவிட்டதாம். இரண்டு மாதம் அந்தக் கிருமி நரம்பு வழியாக ஓசையில்லாமல் மூளைக்கு நடந்து போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு மாதமும் பசு மேய்ந்தது, அசை போட்டது. நானும் அதைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.

“வாயில் கை விட்டது யார்? எச்சில் பட்டது யார் மேல்?” என்றார் இந்தியில். நாங்கள் இருவரும் கையைக் காட்டினோம்.

“பால்?”

“எல்லோரும் காய்ச்சித்தானே சார் குடிக்கிறார்கள். பச்சைப் பாலை யார் குடிப்பார்கள்?” என்று சொல்லிக்கொண்டே வந்த பாவு நிறுத்திவிட்டார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். காய்ச்சிய பாலில் பயமில்லை என்றார். பச்சையாகக் குடித்தவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும் என்றார். “வரும் என்று நான் சொல்லவில்லை. பாலால் வருவது துர்லபம். ஆனால் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால்தான் எதுவும் செய்யலாம்.” வாயில் புண், காயம் உள்ளவர்களை முதலில் கூட்டிப்போகச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வந்த பாதை எனக்கு நினைவில்லை. மகள் வாசலில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவியை உள்ளே அழைத்துச் சொன்னேன்.

“பல்லு விழுந்த இடத்துல சனிக்கிழமை பூரா ரத்தம் கசிஞ்சுதுங்க. நாலு தடவை ஊத்துனீங்க.”

“தெரியும்.”

“மத்தவங்களுக்கு எப்பங்க சொல்லப் போறீங்க?”

சாமி தீர்த்தத்தில் சாவு இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் பசுவின் பார்வையைப் பற்றி அவ்வளவு உருகிப் பேசிய வாயால்? இவளையும் குழந்தையையும் மட்டும் கூட்டிக்கொண்டு ஊசிக்குப் போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சட்டையைப் போடுங்க, நானும் வர்றேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் கதவை எங்கள் முகத்துக்கு நேரே சாத்திவிட்டு, பிறகு திறந்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். கடைசியாகப் போனது திருநெல்வேலிக்கார நண்பர் வீட்டுக்கு. என்னோடு ஒரே ஷெட்டில் வேலை செய்பவர். பூஜைக்கு வில்வம் எங்கிருந்தாவது பறித்துக்கொண்டு வருவது அவர்தான். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“வே, தீர்த்தம் குடிச்சவனுக்கு வெறிநாய் நோவு வரும்னா, அந்த லிங்கத்துக்கும் சேத்து ஒரு ஊசி போட்டுட்டு வாரும்.”

“விளையாட்டு இல்லீங்க இது.”

“நான் எங்க வெளையாடுதேன்? முந்தாநாளு அந்தப் பசு நந்தி மாதிரி பாத்துதுன்னு சொன்னது நீருதான? இன்னைக்கு அதுக்குப் பைத்தியங்கீரு. எந்தப் பேச்ச நான் நம்ப? போவும் வே. அவன் மேல ஊத்துன பாலு என்னைய ஒண்ணும் செய்யாது.”

அவர் பேசியது எல்லாம் நான் பேசியிருக்கக்கூடிய பேச்சு.

மறுநாளே பசு போய்விட்டது. ஆழமாகக் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கொட்டிப் புதைத்தார்கள். அதே காலையில் நாங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி. அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்தது அதுதான். பாவுவும் எனக்கு முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். என் மகள் முதல் ஊசிக்கு வீறிட்டாள். அடுத்த நாட்களில் அழாமல் என் பெருவிரலை மட்டும் நெரிப்பாள்.

மூன்றாம் நாள் ஊசி போடுகிறவர், என் கழுத்து ருத்திராட்சத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுவாக்கில் சொன்னார், இந்த மருந்து ஆட்டு மூளையில் தயாராவது என்று. முட்டை வாசம்கூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. நம்ம புள்ள பொழைக்கணும். அந்த ஆட்டுக்கும் சேத்துத்தான் இனிமே கும்பிடணும்.”

நாயின் எச்சில் பசுவுக்குள் போயிற்று, பசுவின் பால் எங்களுக்குள் போயிற்று, இப்போது எங்கோ வெட்டிய ஆட்டின் மூளை எங்கள் வயிற்றுத் தோலுக்கடியில் போகிறது. உயிர்கள் எல்லாம் ஒன்று என்று பாட்டில் பாடியிருக்கிறேன். அது இப்படியும் இருக்கும் என்று நினைத்ததில்லை.

அந்த நோய் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலும் காற்றுப் பட்டாலும் தொண்டை இறுகும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் மகள் எழுந்ததும் தம்ளரில் தண்ணீர் கொடுப்பேன். அது தொண்டையில் இறங்கும் வரைக்கும் நிற்பேன். அவள் குரல் கொஞ்சம் கட்டியிருந்தால் எனக்குக் கொட்டகைச் சத்தம் கேட்கும். மின்விசிறிக் காற்றில் அவள் முகத்தைச் சுளித்தால் விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பேன்.

திருநெல்வேலி நண்பர் வீட்டுக்கும் தினம் சாயங்காலம் ஏதோ ஒரு சாக்கில் போனேன். போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்பேன். தனக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொள்வார் என்று எண்ணம். நாலாம் நாள் அவர் செம்பை அண்ணாந்து தூக்கி, என்னையே பார்த்துக்கொண்டு, கடகடவென்று முழுவதையும் குடித்து முடித்தார்.

“பாத்தாச்சா? சந்தோசமா போயிட்டு வாரும்.”

அதற்கு மறுநாள் காலை, ஊசி வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். நடையை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போனேன். அவர் திரும்பாமலே சொன்னார்.

“நேத்து ராத்திரி ஷிப்டு விட்டு வரும்போது தெருநாய் ஒண்ணு கடிச்சிட்டு வே. அதுக்குத்தான்.”

எங்கே கடித்தது என்று நான் கேட்கவில்லை. “நல்லா கழுவுனீங்களா?” என்றேன். “கழுவுனேன், கழுவுனேன்,” என்றார். அன்றிலிருந்து ஒரே ரிக்ஷாவில் போய் வந்தோம். கடைசி வரைக்கும் அந்த நாயைப் பற்றி இருவரும் பேசவில்லை.

எங்கள் ஊசி முடிய ஒரு நாள் இருக்கும்போதே அடுத்த பிரதோஷம் வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள். வயிறு வீங்கியிருந்ததால் சம்மணம் போட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மனைவி பாக்கெட் பாலை மூன்று முறை பொங்கவிட்டு, ஆறவைத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அதை ஊற்றினேன். மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டேன். யாரை, எதற்காக என்று அப்போதும் எனக்குத் தெளிவாக இல்லை.

தீர்த்தம் கொடுக்கும் நேரம் வந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தார்கள். என் மகள் மட்டும் முன்னால் வந்து உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். விழுந்த பல்லின் இடத்தில் புதுப் பல்லின் வெள்ளை தெரிந்தது.

தீர்த்தம் விடும் உத்தரணிக் கரண்டியைத் தூக்கினேன். கை சாயவில்லை. மூன்று முறை பொங்கிய பால் என்று அறிவுக்குத் தெரிகிறது, கை கேட்கவில்லை. கொடுக்கிறவன் கடைசியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. அன்று அந்த முறையை மீறி, முதலில் என் கையில் விட்டு நான் குடித்தேன். கற்பூர வாசத்தோடு தொண்டையில் இறங்கியது.

“எனக்கு ஊத்தும் வே,” என்று பின்னாலிருந்து கை நீண்டது. திருநெல்வேலி நண்பர். அவருக்கு ஊற்றினேன். அதன் பிறகுதான் மகளின் கையில் விட முடிந்தது.

இதை எழுதும்போது நாங்கள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறோம். பாவுவும் இருக்கிறார். ஊசி காத்ததா, அந்தப் பாலில் ஒன்றுமே இல்லையா, தெரியாது. ஒரு வருஷம் கழித்துக்கூட வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அன்று கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பெரியவர்கள் எல்லோரும் அவள் கழுத்தையே பார்த்தோம்.

“ஏன்ப்பா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. முழுங்கு,” என்றாள் அவள் அம்மா.

விழுங்கினாள். ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு விளையாட ஓடினாள். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.