காற்றுக் குளியல்

போன வருடம் கோடையில், ஒரகடம் பக்கம் நான் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடந்தது. வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது என் வேலை. அப்போதே பதினெட்டு வருடமாகியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்கள் இரண்டாம் நாள் கூப்பிட்டு, நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். கம்பெனிக்குப் போகும் மரமே இல்லாத வல்லம் வடகால் ரோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத நிழல், என் நெஞ்சுக்குள் கிடைத்துவிட்டது!

"தல, நீ பீடி கூட புடிக்க மாட்ட. உனுக்கு இன்னா வரப்போவுது?" என்றான் பக்கத்து மெஷின்காரன். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றிலிருந்து பாத்ரூமில் மூச்சை அடக்கி எண்ணிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. வராத இருமலையும் வரவழைத்து இருமிப் பார்த்தேன். கடைசியில், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்தப் படம் பொருந்தும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோது மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு இந்த போட்டோவயே பாத்துகினு கீறீங்க?"

"ஆதார்ல படம் மாத்தணும்."

"கூலிங் கிளாஸ் போட்டுகினா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஸ்கேன் படத்தோடு தாம்பரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவைப் பார்க்க இருவரும் போனோம்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. உற்சாகமாகிவிட்டேன். ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் எடுக்கும் காற்றுக் குளியலை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். ஏர் ஹோஸைத் திறந்து தலை முதல் கால் வரை தூசியை ஊதிவிடுவது, முதுகுக்கு ஒருவருக்கொருவர் ஊதிக்கொள்வது, வேலைதான் முடிந்துவிட்டதே என்று மாஸ்க்கை முன்னாடியே கழற்றிவிடுவது, எல்லாவற்றையும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மணல் தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், வருடக்கணக்கில் தழும்பாக்கும், புகை பிடிக்காதவருக்கும் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகலாம் என்றார். பிறகு, "அந்த யூனிபார்ம வீட்ல யார் தொவைக்கிறாங்க?" என்றார்.

"நான்தாம்மா. நல்லா ஒதறிட்டுத்தான் ஊற வெப்பேன்" என்று என் மனைவி பெருமையாகச் சொல்லி, இரண்டு கையாலும் உதறிக் காட்டினாள்.

என்னிடம் இருந்த ஜோக்கெல்லாம் அந்த நொடியே தீர்ந்துவிட்டது.

எனக்கு இருப்பது தூசியால் வந்த தழும்பு மாதிரிதான் தெரிகிறது, இப்போதைக்குப் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அது காதில் விழுந்ததே தவிர, மனதில் இறங்கவில்லை. உதறும்போது அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போயிருக்கலாம் என்று மனைவிக்கும் ஓர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். அவள் எக்ஸ்ரே அறைக்குள் போயிருந்த அரை மணி நேரம் நான் எந்தப் பேனரையும் நினைக்கவில்லை. கடவுளே, அவளுக்கு மட்டும் வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒன்றுமில்லை.

ஷிப்டில் இருந்த எல்லோருமாகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு ஏர் ஹோஸை எடுக்கவைத்து, தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்தோம். யூனிபார்மை இப்போது கம்பெனியிலேயே துவைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கும்போது இன்றும் உள்ளுக்குள் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக என்னை உலுக்குவது, சுத்தமாக வீட்டுக்குப் போகிறோம் என்ற பெருமையில் பதினெட்டு வருடம் நான் எதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன் என்ற நினைப்புதான்.